கதவு ஒன்பது மூடியிருக்கிறது

எட்டு முடிஞ்சுது. எட்டாவது கதவுல ஒரு குறையும் இல்ல. கார்டக் காட்டுனேன், பச்ச லைட்டு வந்துச்சு, டொக்குன்னு பூட்டு விட்டுச்சு, தள்ளுனேன், போனுல ரேணுகா "திறந்துருச்சுக்கா"ன்னா, இழுத்துச் சாத்துனேன், "மூடிருச்சுக்கா"ன்னா, தாள்ல ஒரு டிக்கு, அவ்வளவுதான் சோலி. முட்டிதான் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது. மாசத்துல மொதத் திங்கக்கெழம இந்த அந்திநிழல் இல்லத்துல இருக்கற இருபத்திரண்டு கதவையும் இப்படி ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்கோணும், ஆறு வருசமா ரிசப்ஷன்ல உக்காந்துட்டு நான்தான் இதப் பண்ணீட்டு வர்றேன், என்ற டேபிள் மேல இருக்கற ஸ்கிரீன்ல இருபத்திரண்டும் வரிசையா நிக்கும், மூடியிருந்தா பச்ச, திறந்தா மஞ்ச, முப்பது செகண்டுக்கு மேல திறந்தே கெடந்தா செவப்பு, செவப்பு வந்தா டேபிள்ல இருக்கற டப்பா பீப்பு பீப்புன்னு கத்தும், நான் மைக்க எடுத்து "ஒம்பது, கதவச் சாத்துங்க"ன்னு சொல்லுவேன். ரெண்டு பேரு வேணும் இந்தச் சோலிக்கு. ஒருத்தர் கதவுகிட்ட நின்னு திறந்து மூடோணும், இன்னொருத்தர் ஸ்கிரீன்ல அது மாறுதான்னு பாத்துச் சொல்லோணும். தாள்லயே ரெண்டு கட்டம் இருக்குது, கதவருகில் யாரு, திரையருகில் யாருன்னு. பதினோரு மாசமா கதவருகில் ரேணுகா, திரையருகில் நான். என்ற முட்டிக்காக அவளாக் கேட்டு வாங்கிக்கிட்ட சோலி அது, மறதி வார்டுக்கு அவதான் இன்சார்ஜ் நர்சு, ஆயிரம் வேல இருந்தும் வருவா. இன்னைக்குத்தான் நான் நடக்கறேன், நீ உக்காருன்னு சொன்னேன். "உங்களுக்கு என்னத்துக்குக்கா இந்த நேரத்துல, வெசனத்துல வேற இருக்கறீங்க, பேசாம உக்காருங்க, நான் போயிட்டு வந்தர்றேன்"னு கையிலருந்த தாளப் புடுங்கப் பாத்தா. நான் விடல. எனக்கு ஒரு காரணம் இருந்துச்சு, அத அவகிட்டச் சொல்லாம வெச்சிருந்தேன், நல்ல சேதியாச் சொல்லிக்கலாம்னு.

பன்னண்டு மணிக்குள்ள விளக்கம் எழுதிக் குடுக்கோணும். இப்ப மணி பத்தே முக்கால். மேனேஜர் ஜெகநாதன் சார் காலைல வந்ததும் மூஞ்சியப் பாக்காமயே சொன்னாரு, "சாந்தாமணியம்மா, பன்னண்டுக்கு டிரஸ்ட்டுக்கு மெயில் போடோணும், உங்க விளக்கம் இல்லாட்டி இல்லைன்னே போட்டுருவேன்"னு. என்ன விளக்கம் எழுதறது. பத்தொம்பது நாளு ஆச்சு. ஒரு புதங்கெழம மத்தியானம், மறதி வார்டுல இருக்கற ரங்கநாயகி அம்மா சோறு தின்னுட்டுப் படுத்தவங்க, ரெண்டரைக்குப் பாத்தாக் காணோம். நாலு மணிக்கு மெயின் ரோட்டுல பஸ் ஸ்டாப்பத் தாண்டிச் சாக்கடைப் பாலத்துக்கிட்ட விழுந்து கெடந்தாங்க, இடுப்பு எலும்பு போச்சு. செருப்பில்லாத கால் ரெண்டும் தார்ல வெந்து போயி. எழுபத்தொம்பது வயசு. டெலிபோன் எக்சேஞ்சுல வேல பாத்தவங்க, இன்னமும் எங்க போன் மணி அடிச்சாலும் "நம்பர் ப்ளீஸ்"ம்பாங்க, என்ற டேபிளுக்குக் கூட்டியாந்து உக்கார வெச்சா நாளெல்லாம் "நம்பர் ப்ளீஸ்"தான், எனக்கு நெம்பப் புடிக்கும் அவங்கள. அவங்கள நான் ரோட்டுல விட்டுட்டேனாம். கம்ப்யூட்டர் சொல்லுதாம். மறதி வார்டுலருந்து வெளிய வர ரெண்டே வழி. ஒண்ணு தோட்டத்துப் பக்கம் ஒம்பதாவது கதவு, அது ஒண்ணரைலருந்து ரெண்டரை வரைக்கும் மூடியே இருந்துச்சுன்னு பதிவாயிருக்குது. இன்னொண்ணு சாப்பாட்டு ரூம் வழியா வந்து வாசக் கதவு. வாசக் கதவ ரெண்டு பத்துக்கு நான்தான் டேபிள்லருந்து பட்டன் அமுக்கித் திறந்தேன், தண்ணிக் கேன் வந்துச்சுன்னு. வாச்மேனும் கேன் எறக்கப் போயிட்டாரு, கேட்டுல ஆளில்ல. வாசக் கேமராவப் பாத்தா அத மறைச்சுட்டுக் காயிதப்பூக் கொடி, ரெண்டு மாசமாச் செவப்புப் பூ மட்டும் ரெக்கார்டு ஆயிருக்குது. தோட்டத்துல கேமராவே கெடையாது, துணி காயப்போடற எடம்னு பொம்பளைக வேண்டாம்னுட்டாங்க. அப்பறம் மிச்சம் யாரு, நான்தான். நான் அந்த ரெண்டு நிமிசம் வாசலத்தான் பாத்துட்டு நின்னேன், ஒரு ஈ காக்கா போகல, போகலைன்னு எனக்குத் தெரியும். தெரியுமா. ஒரு கேனு ஒழுகுச்சு, நான் குனிஞ்சு கால்மிதி மேட்ட நகத்துனேன். அந்த நேரம் போயிருப்பாங்களோ. பத்தொம்பது நாளா அந்த மேட்ட நகத்தீட்டே இருக்கறேன்.

விசாரணை அன்னிக்கு எனக்காக வாயத் தொறந்தது ரேணுகா ஒருத்திதான். டிரஸ்ட்டு ஆளுக மூணு பேரு, நடுவுல அமெரிக்காவுலருந்து ரங்கநாயகி அம்மா பையன் போனுல மூஞ்சியக் காட்டிட்டு, அந்த ரிசப்ஷன் பொம்பளைய மொதல்ல வெளிய அனுப்புங்கன்னு சொல்லீட்டு இருக்கான், ரேணுகா எந்திரிச்சு நின்னா, கண்ணெல்லாம் தண்ணி, "சாந்தாமணி அக்கா வேணும்னு அப்படிச் செய்யற ஆளே இல்லீங்க சார், இந்த இல்லத்துலயே அவங்களாட்ட யாரும் இல்லீங்க, ஆனா தண்ணிக் கேன் வந்தப்ப ஒரு நிமிசம் கவனம் தவறியிருக்கலாமுங்க, மனுசங்கதானுங்களே"ன்னா. எனக்காக அழறாளேன்னுதான் அன்னிக்கு நெனச்சேன். வீட்டுக்குப் போயிப் படுத்தப்பறம்தான் அந்த "ஆனா" வந்து ஒக்காந்துச்சு. எதுக்கு ஒரு ஆனா. அப்படிச் செய்யற ஆளே இல்லீங்கன்னு நிறுத்தியிருக்கலாமே. சீ, அவ என்ன வக்கீலா, பதட்டத்துல வந்திருக்கும், மன்னிச்சு விட்டுருவாங்கன்னு நெனச்சுச் சொல்லியிருப்பா, நல்ல மனசுலதான் சொல்லியிருப்பான்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். ஆனா அந்த ஒரு நிமிசத்தத்தான் டிரஸ்ட்டு ஆளு பேப்பர்ல எழுதிக்கிட்டாரு. பேனா அங்கதான் ஓடுச்சு, நான் பாத்துட்டே இருந்தேன். வேல போனாக்கூடப் பரவால்ல, எங்கியாச்சும் கடையில உக்காந்துக்குவேன், ஒரு கெழவிய வெயில்ல வெளிய விட்டவங்கற பேரோட போகோணுமே, அதத்தான் என்னால தாங்க முடியல.

நேத்துப் பொழுதோட விளக்கம் எழுத உக்காந்து, எழுத ஒண்ணும் வராம, சும்மா ஒம்பதாவது கதவோட பதிவ மேல கீழ தள்ளிப் பாத்துட்டு இருந்தேன். அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. கார்டு ஏற்கப்பட்டது, கதவு திறக்கப்படவில்லை. கார்டு ஏற்கப்பட்டது, கதவு திறக்கப்படவில்லை. ஒரு நாளைக்குப் பத்து, பதினொண்ணு. தீவாளி முடிஞ்ச அப்பறத்துலருந்து இதே கூத்து. இத முன்னாடியும் பாத்திருக்கறேன், பாக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன், கார்டக் காட்டீட்டு யாராச்சும் கூப்புட்டாத் திரும்பிப் போயிருவாளுக, துணி எடுக்க மறந்துருவாளுகன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு நாளைக்குப் பதினோரு தடவ யாரு கதவுகிட்ட வந்து கார்டக் காட்டீட்டுத் திறக்காமத் திரும்பிப் போவா. அப்பக் கதவு திறந்திருக்குது, சென்சாருக்குத் தெரியல. சென்சார் கெட்டுப் போச்சு. அப்படின்னா அன்னைக்கு மூடியே இருந்துச்சுங்கறதும் பொய். பொழச்சுக்கிட்டேன்னு நெனச்சேன். யாரையும் குத்தம் சொல்ல வேண்டாம், ஒரு சாமான் கெட்டுப் போச்சு, அவ்வளவுதான், யாரு மேலயும் பழி இல்ல. ரேணுகாகிட்டச் சொல்லோணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, போன் கூடக் கையில எடுத்தேன், மொதல்ல கண்ணால பாத்துருவோம், பாத்துட்டு, ரேணுகா நான் தப்பிச்சுட்டேன்னு சொன்னா அவ எப்படிச் சிரிப்பான்னு நெனச்சு வெச்சுட்டேன். அவ சிரிச்சா மூக்குக்கிட்ட ஒரு சுருக்கம் விழும். போன வருசம் நான் பாத்ரூம்ல வழுக்கி மணிக்கட்டு ஒடைஞ்சு கட்டுப் போட்டிருந்தப்ப நாப்பது நாளு எனக்குத் தல சீவி விட்டவ அவ, டூட்டிக்கு ஏறறதுக்கு முன்னாடி கால் மணி நேரம் வெள்ளனா வந்து. அவளோட சின்னவளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில கெடந்தப்ப மூணு நாளு நான் போயிப் பக்கத்துல படுத்தேன். வாரத்துல ரெண்டு நாளு அரிசிம்பருப்புச் சோறு கொண்டாருவேன் அவளுக்குன்னே, நெய்ய மேல ஊத்தி. இன்னைக்கும் கொண்டாந்திருக்கறேன்.

ஒம்பதுக்குப் போற வராண்டா நீளம். பினாயில் வாசமும் பழுத்த வாழப்பழ வாசமும் கலந்து அடிக்கும் எப்பவும். "எங்கக்கா இருக்கறீங்க?"ன்னு போனுல ரேணுகா. ஒம்பதுக்குத்தான் போயிட்டு இருக்கறேன்னேன். "ஒம்பது நான் காத்தால பாத்துட்டேன்கா, நல்லாத்தான் இருக்குது. டிக் அடிச்சுட்டுப் பத்துக்குப் போயிருங்க, முட்டியோட அத்தாந்தூரம் எதுக்கு நடக்கறீங்க." பாரு, என்ற முட்டிக்காக எத்தன அக்கறைன்னு ஒரு நிமிசம் உருகிப் போச்சு மனசு. அடுத்த நிமிசம் அதே மனசு கேட்டுச்சு, தனியா எப்படிடி பாத்தே, ரெண்டு பேரு வேணுமே இந்தச் சோலிக்கு, ஸ்கிரீனுகிட்ட யாரு இருந்தாங்க. அட, கார்டு வேல செய்யுதான்னு பாத்திருப்பா. கதவு ஒட்டுதான்னு பாத்திருப்பா. இப்படி ஒவ்வொண்ணையும் கிண்டீட்டே இருந்தா நான் பைத்தியம் ஆயிருவேன், பத்தொம்பது நாளாத் தூங்காதவ புத்தி இப்படித்தான் போகும். "இல்ல கண்ணு, வந்தது வந்துட்டேன், அதையும் பாத்தர்றேன்"னேன். "சரிக்கா"ன்னா. அந்தச் சரிக்காவுல ஒண்ணும் இல்ல. நான்தான் அதத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே நடந்தேன்.

கதவுக்கிட்டச் சென்னியப்பன் ஐயா நிக்கறாரு, எப்பவும் போல. பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவரு, ஒம்பதாவது கதவுதான் அவருக்குப் பஸ்ஸு, கைத்தடியோட வந்து காத்துட்டு நிப்பாரு. "ஏம்மா, காந்திபுரமா"ன்னாரு. ஆமாங்க ஐயா, சித்த இருங்க, இன்னும் வண்டி எடுக்கலைன்னேன். போனச் சேலையில சொருகீட்டு, பிளாஸ்டிக் ஸ்டூல இழுத்துப் போட்டு, முட்டியப் புடிச்சுட்டு ஏறுனேன். கதவு மேல்சட்டத்துல மாவெலத் தோரணம் ஒண்ணு, பிளாஸ்டிக்கு, அத ஒதுக்குனேன். சென்சார் தீப்பெட்டி அகலம் கூட இருக்காது, வெள்ளையா, சட்டத்துல ஒண்ணு, கதவுல ஒரு காந்தத் துண்டு, ரெண்டும் நேருக்கு நேர். கதவோட காந்தம் கிட்ட வந்தா மூடியிருக்குதுன்னு நம்பும், வெலகுனாத் திறந்திருக்குதுன்னு சொல்லும். சட்டத்து மேல சென்சாரோட ஒட்டி இன்னொரு காந்தத் துண்டு இருந்துச்சு. சின்னது, கருப்பு. அது அங்க இருக்கற வரைக்கும் கதவு ஆகாசத்துக்குத் திறந்து கெடந்தாலும் சென்சாருக்கு மூடினதுதான். கெடல, சென்சாரு நல்லாத்தான் இருக்குது, யாரோ அதோட கண்ணப் பொத்தி வெச்சிருக்காங்க. காந்தத்த ஒட்டியிருந்தது பிளாஸ்திரி, வார்டுல சலைன் ஊசி நகராம ஒட்டற வெள்ளப் பிளாஸ்திரி. நாலு மூலையும் வட்டமா வெட்டியிருந்துச்சு. நான் ஸ்டூலு மேல நின்னுட்டு அந்த நாலு மூலையையே பாத்துட்டு நின்னேன். நாலு மூலையும் கத்திரில வட்டமா வெட்டி ஒட்டறவ இந்த இல்லத்துல ஒருத்திதான். வயசானவங்க தோலு வெங்காயத் தோலாட்டம் இருக்கும்க்கா, மூலை இருந்தா முனை தூக்கிக்கும், இழுத்தாத் தோலோட வந்துரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவ அவ, என்ற மணிக்கட்டுக் கட்டுக்கே அப்படித்தான் வெட்டி ஒட்டுனா. நல்ல கை, சுத்தமான கை.

காந்தமும் என்றதுதான். பூட்டு மாட்ட வந்த டெக்னீசியன் உபரியா ரெண்டு குடுத்துட்டுப் போனான், என்ற டிராயருல கெடந்துச்சு. தீவாளிக்கு முன்னாடி ஒரு நாளு டீ குடிக்கறப்ப நான்தான் பெருமையா எடுத்துக் காட்டுனேன், பாரு ரேணுகா, இந்தச் சென்சாருக்குக் கதவெல்லாம் தெரியாது, காந்தம் மட்டும்தான் தெரியும், இதப் பக்கத்துல வெச்சா ஏமாந்துரும்னு, அவ விழுந்து விழுந்து சிரிச்சா. வேற ஒரு ஆளுகிட்ட நான் அதச் சொல்லல. மாசாமாசம் ஒம்பதுக்கு வந்ததும் போனுல சொல்லுவா, "இருங்கக்கா, ஸ்டூல் எடுத்துக்கறேன்"னு. எதுக்குடின்னா, "மேல தூசிக்கா, தொடச்சு விட்டர்றேன்." மத்த கதவுல எல்லாம் தூசி இல்லையான்னு கேக்கத் தெரியல எனக்கு. ஜெகநாதன் சார்கிட்டயே சொன்னேன், ரேணுகாவப் பாருங்க சார், ஒரு நர்சு கதவுல தூசி தொடைக்குது, யாரு செய்வாங்கன்னு. காந்தத்த எடுத்து வெச்சுக்கிட்டுச் செக்கிங் முடிஞ்சதும் திருப்பி ஒட்டியிருக்கா. எதுக்கு. ஒரு துணி காயப்போடப் போறதுக்கும் டீக் குடிக்கத் தோட்டத்துல நிக்கறதுக்கும் கார்டு காட்டிக் காட்டித் திறக்கோணும், சாத்தாட்டி என்ற டேபிள்ல கத்தும், நான் மைக்குல, ஒம்பது கதவச் சாத்துங்கன்னு கத்துவேன். அதுக்குத்தான். என்ற வாய அடைக்கத்தான். சத்தியமா அப்பத்தான் நெனச்சுப் பாக்கறேன், தீவாளிக்கு அப்பறம் ஒம்பதக் கூப்புட்டுச் சொல்லவே வேண்டியதாகல, ரேணுகா எல்லாத்தையும் திருத்தீட்டான்னு சந்தோசப்பட்டேன். என்ற சோத்தத் தின்னுட்டே என்ற குரலக் கேக்கச் சகிக்காம இருந்திருக்கா. அதக் கூட விட்டர்றேன். அது சின்ன விசயம், மூஞ்சிக்கு நேரா அக்கா வாய மூடுங்கன்னு சொல்லியிருந்தா நானே மூடியிருப்பேன். ரங்கநாயகி அம்மா விழுந்த அன்னிக்கு அவளுக்குத் தெரியும். எந்த வழியாப் போனாங்கன்னு அந்த நிமிசமே தெரியும். தெரிஞ்சுட்டே எந்திரிச்சு நின்னு அழுது, ஒரு ஆனாவச் சொல்லி, என்றகிட்ட வந்து கையப் புடிச்சுத் தைரியமா இருங்கக்கான்னா. பத்தொம்பது நாளாப் பிளாஸ்திரியக் கூடப் பிரிக்கல, யாரு பாக்கப் போறாங்கன்னு, இன்னமும் டீக் குடிக்க வழி வேணும்னு. எனக்குக் கோவம் வரல. அழுகதான் வந்துச்சு. ஸ்டூலு மேல நின்னுட்டு, அந்தத் தோரணத்தப் புடிச்சுட்டு, சின்னப் புள்ளையாட்டம் அழுதேன். சென்னியப்பன் ஐயா என்ற சேல முந்திய இழுத்து, "எறங்கும்மா, ஸ்டாப்பு வந்துருச்சு"ன்னாரு.

எறங்குனேன். இன்னமும் மனசு சப்பைக் கட்டுக் கட்டுது, வார்டுல வேற எவளாச்சும் அவளப் பாத்துக் கத்துக்கிட்டு அதேபோல வெட்டி ஒட்டியிருந்தா, இவளுக்கே தெரியாம இருந்தா. இருக்கலாமில்ல. கேட்டுட்டாப் போச்சு. ஐயாவோட மணிக்கட்ட எடது கையில கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன், கதவு திறந்தா அவரு ஓடீருவாரு. காந்தத்தத் தொடல, அது அங்கயே இருக்கட்டும். கார்டக் காட்டுனேன், பச்ச வந்துச்சு, தள்ளுனேன். வெயில் மூஞ்சில அடிச்சுது. கொடில படுக்கை விரிப்பெல்லாம் காயுது, வாசப்படி ஓரமா ஒரு செங்கல்லு, கதவுக்கு முட்டுக் குடுத்துக் குடுத்து ஒரு பக்கம் தேஞ்சு போனது, அதுக்கு அந்தாண்ட பால் வண்டி வர்ற, பகல்ல பூட்டாத சின்னக் கேட்டு. இங்கருந்து அந்தக் கேட்டுக்கு முப்பது அடி இருக்குமா. போன எடுத்தேன். "ரேணுகா, ஒம்பது. திறந்துட்டேன். என்ன காட்டுது?" சாமி, பச்சையாவே இருக்குதுக்கா, மாறலைன்னு சொல்லுடின்னு மனசுக்குள்ள கெஞ்சுனேன். ஒரே ஒரு தடவ நெசத்தச் சொல்லீரு, மிச்சத்த எல்லாம் நான் விழுங்கிக்கறேன். "மஞ்ச காட்டுதுக்கா, திறந்துருச்சு"ன்னா. இம்மி தயங்கல. எட்டாவது கதவுக்குச் சொன்ன அதே கொரலு. அவ முன்னாடி ஸ்கிரீன்ல பச்சதான் இருக்குது, மாற வழியே இல்ல, பச்சையப் பாத்துட்டு மஞ்சங்கறா. மூடுனேன். "மூடிருச்சுக்கா. பத்துக்குப் போங்க. சோறு என்னக்கா இன்னைக்கு?" அரிசிம்பருப்புன்னேன். என்ற வாயிலருந்து வந்துருச்சு, அடக்க முடியல.

மறுக்காக் கார்டக் காட்டித் திறந்தேன். போனத் தோள்ல இடுக்கீட்டு, ஐயா, சித்தத் தடியக் குடுங்கன்னு அவரு கையிலருந்து வாங்கி, எட்டி அந்தக் காந்தத்த ஒரு தட்டுத் தட்டுனேன். பிளாஸ்திரியோட பிஞ்சு கீழ விழுந்துச்சு. கதவு விரியத் திறந்து கெடக்குது, நான் நெலப்படியில நிக்கறேன், "ரேணுகா, ஒண்ணும் இல்ல, இன்னொருக்காச் சாத்திப் பாத்தேன். மூடியிருக்குதா?" இப்பத்தான் அவ ஸ்கிரீன்ல நெசமான மஞ்ச வந்திருக்கும். இந்தத் தடவ தயங்குனா. மூடலைக்கான்னு சொன்னா நான் மேல பாப்பேன், சென்சாரத் தேடுவேன், அதுதான் அவளுக்குப் பயம். "மூடிருச்சுக்கா"ன்னா. ஐயா கைய முறுக்கறாரு, ரைட்டு, போலாம்கறாரு, நான் விடல, மனசுக்குள்ள எண்ணறேன், பத்து, பதினஞ்சு, தோட்டத்துல ஒரு விரிப்பு காத்துல தூக்கிட்டு எறங்குது, இருபத்தஞ்சு, அவ மூச்சு கேக்குது போனுல, முப்பது. பீப்பு. பீப்பு. பீப்பு. ஆறு வருசமாக் கேட்டுட்டு இருக்கற சத்தம், போனுக்குள்ளருந்து வருது. "அதென்ன ரேணுகா சத்தம்?" "எதுக்கா?" "பீப்புங்குதே." "பேன்ட்ரில ஓவன்க்கா, தேவகி பால் சூடு பண்றா." ஐயாவ உள்ளாற இழுத்துட்டு நான் கதவச் சாத்துனேன், டொக்குன்னு பூட்டு புடிச்சுது, அங்க பீப்பு நின்னுச்சு. அவளுக்கு அப்பாடான்னு இருந்திருக்கும், வாயிலருந்து தானா வந்துருச்சு, "மூடிருச்சுக்கா"ன்னா. "எது கண்ணு மூடுச்சு"ன்னேன், "ஓவனா?"

அவ போனக் கட் பண்ணல. ரிசப்ஷன் ஃபேன் சுத்தறது கேக்குது, யாரோ செருப்பத் தேய்ச்சுட்டு நடக்கறது கேக்குது. அப்பறம் "அக்கா, அக்கா"ன்னா. மூணாவது அக்காவுல கொரலு ஒடைஞ்சுது. "அக்கா, எனக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைகக்கா. உங்களுக்கு ஆகறது வெறும் கவனக்குறைவு, எனக்குன்னா போலீசு வரைக்கும் போயிரும்க்கா, லைசென்சு போயிரும். நீங்கன்னா மன்னிச்சு விட்டுருவாங்கன்னு நெனச்சேன்." நெனச்சுப் பாத்துத்தான் செஞ்சிருக்கா, கணக்காத்தான் அந்த ஆனாவச் சொல்லியிருக்கா. அவ சின்னவ காய்ச்சல்ல கெடந்தப்ப ராவெல்லாம் என்ற கைவெரலப் புடிச்சுட்டுத் தூங்குனது ஞாபகத்துக்கு வருது, எழுதாம விட்டுட்டா என்ன, காந்தத்தத் தூக்கி வேலிக்கு அந்தாண்ட வீசிட்டுப் போயிட்டா என்ன, எனக்கு என்ன புள்ளையா குட்டியா. அப்பத் தாருல வெந்த அந்தக் கால் ரெண்டும் கண்ணுக்கு முன்னாடி வந்துச்சு. தாளச் செவுத்துல வெச்சு எழுதுனேன். கதவு ஒன்பது. கதவருகில், சாந்தாமணி. திரையருகில், ரேணுகாதேவி. கதவின் நிலை, திறந்திருக்கிறது. திரையிலிருந்து சொன்னது, மூடியிருக்கிறது. நேரம் பதினொண்ணு ஏழு. காந்தத்தையும் பிளாஸ்திரியையும் அப்படியே தாளோட வெச்சுக் கிளிப்பு மாட்டுனேன், வட்டமா வெட்டுன மூலை வெளிய தெரியற மாதிரி. வேற விளக்கம் எழுத வேண்டியதில்ல, இதத்தான் குடுக்கப் போறேன். "எந்திரிச்சு வரட்டுமாக்கா, நேர்ல பேசிக்கலாம்க்கா"ன்னு அழறா அங்க. நான் சென்னியப்பன் ஐயாகிட்டத் தடியத் திருப்பிக் குடுத்து, அவரப் பெஞ்சுல உக்கார வெச்சேன். "எந்திரிக்காத ரேணுகா"ன்னேன், "இன்னும் பதிமூணு கதவு இருக்குது. ஸ்கிரீனப் பாத்துட்டே இரு. நான் பத்துக்குப் போறேன்."